வான்கோழியும் ஒரு சிட்டிகை மாசியும்

ஏழு மாதக் குழந்தைக்கு வான்கோழிக் கறி கொடுக்கலாமா என்ற கேள்வி எனக்கு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகுதான் வந்தது. அதுவரை அந்தப் பறவையைப் பற்றி நான் யோசித்தது ஒன்றே ஒன்றுதான்: அது ஏன் எப்போது பார்த்தாலும் யாரோ அவமதித்துவிட்டதுபோல் கழுத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடக்கிறது?

பேத்திக்கு இரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு. மகள் பிரசவத்துக்கு வந்தவள், தூத்துக்குடியில் என் வீட்டிலேயே இருந்தாள். மருமகன் கப்பலில் இருந்தான். என் மனைவி மூத்த மகளின் பிரசவத்துக்கு மஸ்கட் போயிருந்தாள். ஆகவே வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான், அதில் ஒருத்திக்குப் பல் கிடையாது. மருத்துவர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அதில் பாதி குழந்தையின் வயிற்றுக்கும் பாதி என் சட்டைக்கும் போனது. “மருந்து மட்டும் பத்தாது. கறியும் கொடுத்துப் பழக்குங்க. அடுத்த மாசம் திரும்ப ரத்தம் பாப்போம்” என்றார். மகள் ஈரலை மசித்துக் கொடுத்தாள். ஆட்டுக்கறியை அரைத்துக் கொடுத்தாள். குழந்தை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு எங்களை ஆராய்ந்தது. மகளுக்கு முகம் நாளுக்கு நாள் சுருங்கியது.

இந்த நிலையில்தான் சம்பந்தி வந்தார். நாசரேத் பக்கம் தலைமையாசிரியராக இருந்தவர். தோட்டத்தில் கிறிஸ்மஸுக்காக வான்கோழி வளர்ப்பவர். ஒரு வான்கோழியின் முழுக் காலை எவர்சில்வர் தூக்கில் பனிக்கட்டி போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

“பச்சப்புள்ளைக்கு வான்கோழியா, சம்பந்தி?” என்றேன்.

“ஏன், எங்க வீட்டுப் புள்ளையில்லா? பல்லு இல்லாட்டாலும் பரம்பரை இருக்குல்லா!”

பரம்பரையை நம்பி எதையும் உள்ளே விடுவது என் வழக்கமில்லை. துறைமுகத்தில் முப்பது வருடம் இறக்குமதிச் சரக்கைச் சோதனை செய்தவன் நான். மருத்துவருக்குப் போன் செய்தேன். கொடுக்கலாம், தொடைக்கறியில் இரும்புச்சத்து அதிகம், நன்றாக வேக வேண்டும், எலும்பும் தோலும் நரம்பும் ஒரு துணுக்குகூட இருக்கக் கூடாது என்றார். புதிதாக ஒன்றைக் கொடுத்தால் மூன்று நாளைக்கு வேறு புதியது வேண்டாம் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் எட்டு விதிகளாக எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். உப்பும் சர்க்கரையும் கூடாது. தேன் கூடாது. குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஊட்டும்போது ஆள் நகரக் கூடாது. கிண்ணத்தில் மிஞ்சியதை எடுத்துவைக்கக் கூடாது.

மகள் படித்துவிட்டு, “அப்பா, இது கறியா, கண்டெய்னரா?” என்றாள்.

அவள் குளித்துத் துணி துவைக்கப் போன நேரத்தில் நானே சமைத்தேன். பாதிக் கறியை ஃப்ரீசரில் வைத்துவிட்டு மீதியைக் குக்கரில் போட்டேன். கோழி வேகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆனது. உள்ளே சிவப்பு இல்லை என்று நடுவில் வெட்டிப் பார்த்து உறுதிசெய்தேன். கோழித்தொடையைவிடக் கறுப்பு, இழை இழையாகப் பிரிந்தது, ஒவ்வோர் இழையும் தையல் நூல்போல நின்றது. எலும்போடு ஒட்டி ஊசி ஊசியாக விறைத்த நரம்புகள் இருந்தன. ஒன்று விடாமல் உருவி எடுத்தேன். இவ்வளவு கட்டுமானத்தை வைத்துக்கொண்டு அந்தப் பறவை பறக்கவும் மாட்டேன் என்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. வெந்த தண்ணீரை விட்டு மிக்ஸியில் மையாக அரைத்தேன். பிறகு ருசி பார்த்தேன்.

நனைந்த அட்டைப்பெட்டி.

இதை ஒரு மனித உயிர் எப்படி விழுங்கும்? கை தானாக மாசிப்பொடி பாட்டிலுக்குப் போனது. சூரை மீனை அவித்து, புகையிட்டு, மரக்கட்டைபோல ஆகும்வரை காயவைத்தால் அது மாசி. எங்கள் பக்கத்துச் சமையலறைகளில் உப்புக்கு அடுத்த பாட்டில் அதுதான். “இன்னிக்கு மீன் கிடைக்கல” என்று அலுத்துக்கொண்டே அன்றைய குழம்பில் மாசி போடுவோம். யாருக்கும் அது முரணாகத் தோன்றியதில்லை. இருந்தாலும் கதவில் ஒட்டிய விதிகளை ஒருமுறை பார்த்தேன். மாசி கூடாது என்று எங்கும் இல்லை. இதே வாதத்தோடு என் மேசைக்கு வந்த எத்தனையோ ஏஜெண்டுகளை வெயிலில் நிற்கவைத்திருக்கிறேன். அது அப்போது நினைவுக்கு வரவில்லை. ஒரு சிட்டிகை போட்டேன்.

மகள் ஊட்டினாள். குழந்தை முதல் வாயை நாக்கில் உருட்டி யோசித்தது. பிறகு விழுங்கியது. இரண்டாவதுக்கு வாயைத் திறந்தது. பத்து நாளாக நாங்கள் பார்க்காத காட்சி. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

இருபது நிமிடத்தில் வாயைச் சுற்றிச் சிவப்பாகத் தடிக்க ஆரம்பித்தது. கழுத்துக்கும் இறங்கியது. மூச்சில் மாற்றமில்லை, அழுகையும் இல்லை. மகள் குழந்தையைத் தோளில் போட்டாள். ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் ஓடினோம். அவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், உதட்டையும் நாக்கையும் பார்த்தார், மருந்து கொடுத்து அங்கேயே உட்காரச் சொன்னார். தடிப்பு வடியத் தொடங்கியதும் கேட்டார்:

“புதுசா என்ன கொடுத்தீங்க?”

“வான்கோழி மட்டுந்தான் டாக்டர்,” என்றாள் மகள். “வேற எதுவுமே இல்ல. அப்பா எல்லாத்தையும் பட்டியல் போட்டுத்தான் செஞ்சாவ.”

மருத்துவர் எழுதத் தொடங்கினார். “அப்ப வான்கோழிய நிறுத்திருவோம். கோழியும் இப்போதைக்கு வேண்டாம். மருந்த வச்சே பாப்போம்.”

அந்த மருந்தில் பாதி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். குழந்தை வாயைத் திறந்து வாங்கிய ஒரே சாப்பாட்டை அந்தப் பேனா அடித்துக்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பெயர் மட்டும் தப்பிக்கும்.

“மாசி போட்டேன்,” என்றேன்.

மகள் திரும்பினாள். “என்னது?”

“ஒரு சிட்டிகை. மணத்துக்கு.”

“மீனா?” என்றார் மருத்துவர்.

“மீனில்ல டாக்டர், மாசி.”

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

“சூரையக் காயப்போட்டா அது மீனில்லாம பப்பாளியா?” மகள் குரலை அடக்கத்தான் பார்த்தாள், வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “எட்டு விதி எழுதி ஒட்டுனீயளே, ஒம்பதாவதா உங்களைச் சேக்காண்டாம்னு எழுதியிருக்கணும்!”

மருத்துவர் சிரிப்பை முடித்துக்கொண்டு எழுதியதை அடித்தார். இரண்டில் எது என்று தெரியாமல் இரண்டையும் குற்றம் சொல்ல முடியாது என்றார். மீனை வீட்டில் கொடுத்துப் பார்க்கவே கூடாது, அதைப் பிறகு அவர் முன்னால் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். தடிப்பு முழுக்கப் போய் ஒரு வாரம் ஆனதும் வான்கோழியை மட்டும் அரைத்து, காலையில், அவருடைய கிளினிக்குக்கே கொண்டுவர வேண்டும்.

ஒரு வாரம் சமையலறைப் பக்கம் நான் போகவில்லை. போகக் கூடாது என்று உத்தரவு. மகள் புது மிக்ஸி ஜார் வாங்கினாள், மாசி பாட்டிலைப் பரணில் ஏற்றினாள், ஃப்ரீசரில் இருந்த கறியைத் தானே வேகவைத்தாள். என்னிடம் அந்த வாரம் பேசியதெல்லாம் “தள்ளுங்க”, “காபி வச்சிருக்கு” என்ற இரண்டு வாக்கியங்கள்தான். எனக்கோ கேள்வி ஒன்றுக்கு இரண்டாகியிருந்தது. வான்கோழிக்குத் தடிக்குமா என்பது ஒன்று. மற்றதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை: மாசி இல்லாமல் பேத்தி சாப்பிடுவாளா? அன்று அவள் விரும்பியது எதை?

கிளினிக்கில் மகள் மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து அரைக் கரண்டி கொடுத்தாள். குழந்தை முகத்தைச் சுளித்து அப்படியே துப்பியது. மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயம்தான். துடைத்துவிட்டு மறுபடி நீட்டினாள். இந்த முறை நாக்கு வெளியே வந்தது, உள்ளே போனது, இன்னொரு முறை வெளியே வந்தது. விழுங்கிவிட்டுக் கரண்டியைப் பிடித்து இழுத்தது.

பிறகு காத்திருந்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மகள் குழந்தையின் சட்டையைத் தூக்கி வயிற்றையும் முதுகையும் பார்த்தாள். நானும் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். “வெளிச்சத்த மறைக்காதீயப்பா” என்றாள். இரண்டு மணி நேரம் ஆனது. தோல் தோலாகவே இருந்தது. “வான்கோழிய விடுதலை பண்ணிரலாம்” என்றார் மருத்துவர்.

அதன்பின் தினமும் காலையில் வான்கோழி, மெல்ல மெல்ல மூன்று கரண்டி வரை. மாத முடிவில் திரும்ப இரத்தம் எடுத்தார்கள். தாளை மகள்தான் வாங்கிப் படித்தாள். நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் மடித்துப் பையில் வைத்துவிட்டாள்.

“ஏறியிருக்கா?”

“ஏறியிருக்கு.”

“எவ்வளவு? அதுல மருந்துக்கு எவ்வளவு, கறிக்கு எவ்வளவுன்னு கேட்டியா?”

“ஏறியிருக்குப்பா,” என்றாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட முன்னால் நடந்தாள்.