நூலகச் சாவி ஒட்டன்சத்திரத்தில் இருந்தது

நேற்று விழா முடிந்து வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி எறிந்த பிறகும் அந்த ஃப்ளெக்ஸ் நாற்றம் மூக்கை விட்டுப் போகவில்லை. புது ஃப்ளெக்ஸ் எப்படி நாறும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? பிளாஸ்டிக் வாளியை அடுப்பில் ஏற்றிய மாதிரி. மேடையில் எனக்குப் போட்ட நாற்காலி சரியாக அதற்கு முன்னால். காற்றடிக்கும்போதெல்லாம் என் பிடரியில் வந்து உரசியது. ‘கல்லூரி நூலகங்களின் மின்வளப் பகிர்வுக் கூட்டமைப்பு, இரண்டாம் கட்டத் தொடக்க விழா’ என்று ஆளுயர எழுத்து. அதைச் சுற்றிச் சிரித்துக்கொண்டிருந்த முகங்கள் கூட்டமைப்பில் இருக்கிற கல்லூரிகளைவிட அதிகம். அதில் என் முகமும் ஒன்று. ஜெனரேட்டர் நான் கொடுத்தது.

அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவனுக்குக் கல்லூரி மேடையில் என்ன சோலி என்று கேட்பீர்கள். கேளுங்கள், அதைச் சொல்வதென்றால் எனக்கு அலுக்கவே அலுக்காது. பழனி அடிவாரத்தில் கற்கண்டு மூட்டை இறக்கிய அத்தாவுக்குப் பிறந்தவன் நான். வெறுங்காலோடு மலையேறி வந்து, மூட்டை தூக்கி, கிளீனராகி, ஓட்டை ஜீப் ஒன்றை வாங்கி, அது மூன்று வண்டியாகி, காய்கறி மண்டியாகி, இன்றைக்கு ஏரிக்குப் போகிற வழியில் ஒரு லாட்ஜும் நிற்கிறது. எவன் கையையும் பிடித்து வந்தவனில்லை. கொடைக்கானலில் ராவுத்தர் என்றால் எந்த ராவுத்தர் என்று யாரும் கேட்பதில்லை. என் வீட்டுக்காரி மட்டும் கேட்பாள். அவளுடைய அண்ணன் தம்பி அத்தனை பேரும் ராவுத்தர்தானே.

சிறப்பு விருந்தினர் பேசினார். “இனி அறிவுக்கு மலையும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. ஒரு விரல் தட்டினால் உலகம்.” சபை கைதட்டியது. நான் கொடுத்த பாதாம்பாலைத்கூடத் தொடவில்லை. இந்த விரல் தட்டுகிற சமாச்சாரத்தில்தான் எங்கள் லாட்ஜில் வேலை பார்க்கிற வில்பட்டி செல்லம்மாவின் மகள் அமுதாவுக்கு ஒரு வருடப் படிப்பு போகப் பார்த்தது. அதைச் சொல்லாமல் விடமாட்டேன். ஆனால் அதற்குமுன் பூண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஃப்ளெக்ஸ் நாற்றத்தைத் துரத்துவதற்காக ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு மலைப்பூண்டை நசுக்கி வைக்கச் சொன்னேன். மலைப்பூண்டுக்கு என்று ஒரு காரம் உண்டு, கண்ணுக்குள் போகும். அந்த வாசனை வந்ததும் என் பழைய ஜீப் கண்ணில் நின்றது. பின்னால் பூண்டு மூட்டை, அதற்கு மேலே பச்சை பெயிண்ட் அடித்த ஒரு தகரப் பெட்டி. பெட்டி நிறையப் புத்தகம். மேலே இருக்கிற கல்லூரிக்கும் கீழே பழனியில் இருக்கிற கல்லூரிக்கும் அப்போது ஒரு ஏற்பாடு. இங்கே இல்லாத புத்தகம் அங்கே இருந்தால் என் ஜீப்பில் ஏறி வரும். படித்து முடித்ததும் இறங்கிப் போகும். இதற்கு விழா எடுத்ததாக எனக்கு நினைவில்லை. மேலே நூலகராக இருந்த தனராஜ் சாரும் கீழே நூலகராக இருந்த கோமதியம்மாவும் டிரங்க் காலில் பேசி முடித்துக்கொண்டார்கள்.

கோமதியம்மாவுக்கு என்மேல் ஒரே ஒரு குறை. “ஏன் பாய், பூண்டு மூட்டை மேல வைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? புத்தகத்தத் தொறந்தா பசிக்குதுங்குதுக புள்ளைக.”

“பூச்சி வராதும்மா. மருந்துன்னு வச்சுக்கங்க.”

“மருந்தா? ஒருநாள் எவளாவது கிழிச்சு ரசத்துல போடப் போறா, நீங்கதான் வந்து பதில் சொல்லணும்.”

நேற்று மேடையில் ஒரு பெண் ‘நிபுணத்துவப் பகிர்வு’ என்று நாக்கைச் சுழற்றி வாசித்தாள். இவர்களுக்கு நிபுணத்துவப் பகிர்வு என்றால் சுவரில் ஒரு திரை. அதில் எங்கேயோ இருந்து ஒரு ஆள் பேசுவார், சத்தம் வராது, இங்கிருந்து எல்லாரும் காதைக் காட்டிக் கையாட்டுவார்கள். நான் பார்த்த பகிர்வு வேறு. மழைக்காலம் வந்தால் இங்கே புத்தகமெல்லாம் பூசணம் பிடித்துவிடும். கொடைக்கானலில் துவைத்த துணி காய்வதே பெரும்பாடு, புத்தகம் எங்கே காயும்? தனராஜ் சார் ஒரு பெட்டி நிறைய நமுத்த புத்தகங்களை அடுக்கி எனக்கு முன்சீட்டில் வைப்பார். “ராவுத்தரே, வெயில்ல காயப் போயிட்டு வரட்டும்” என்பார், ஏதோ பிள்ளைகளை விடுமுறைக்கு அனுப்புகிற மாதிரி. கோமதியம்மா கல்லூரி மொட்டை மாடியில் அதையெல்லாம் விரித்துவைத்து, பக்கம் பக்கமாகத் திருப்பிக் காயவைத்து அனுப்புவார். பதிலுக்குக் கீழே முதுகு கிழிந்த புத்தகமெல்லாம் மேலே வரும். ஒட்டுவதில் தனராஜ் சார் கை அப்படி. பழனி வெயிலைக்கூடப் பங்குபோட்டுக்கொண்ட ஆட்கள் அவர்கள்.

கோமதியம்மா சில சமயம் தானே கிளம்பி வருவார். வடகவுஞ்சி தாண்டுவதற்குள் ஒவ்வொரு வளைவுக்கும் ஜீப்பை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுப்பார். கையில் பாதி எலுமிச்சை. வந்து இறங்கியதும் முகம்கூடக் கழுவாமல் தனராஜ் சாரிடம், “அந்தத் தாவரவியல் அலமாரிய மாத்தி அடுக்கச் சொன்னேனே, அடுக்கினீங்களா?” என்று கேட்பார். சார், “மொதல்ல காப்பி குடிங்க மேடம், அப்புறம் திட்டுங்க” என்பார்.

இப்போது தனராஜ் சார் இருந்த நூலக அறைக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடிக் கதவு, வாசனைத் திரவியம் பீய்ச்சுகிற டப்பா, ஒரு வரிசை கம்ப்யூட்டர். தனராஜ் சார் ஓய்வுபெற்ற பிறகு நூலகர் வேலைக்கு ஆள் போடுவதும் விடுவதுமாகவே இருந்து, இப்போது பொறுப்பு யாரிடம் தெரியுமா? விளையாட்டு சாரிடம். கழுத்தில் விசிலோடுதான் உட்கார்ந்திருக்கிறார். நல்ல பையன், வாலிபால் பிரமாதமாக ஆடுவான். அதை விட்டுத்தள்ளுங்கள்.

அமுதா அந்தக் கல்லூரியில்தான் முதுகலை தாவரவியல் படித்தாள். கட்டிவைத்த மலைப்பூண்டு ஏன் அழுகுகிறது என்று ஒரு ஆய்வு. வில்பட்டிக்காரப் பெண், பூண்டு அழுகினால் வீட்டில் எத்தனை நாளைக்கு யாரும் பேசமாட்டார்கள் என்று தெரிந்தவள். வருடக் கடைசியில் அவளுடைய பேராசிரியர் ஒரு போடு போட்டார். முன்னாலேயே பழனிக் கல்லூரியில் ஒருவர் இதே விஷயத்தில் ஆய்வு செய்திருக்கிறார். அதைப் படித்து, உன்னுடையது எதில் வேறு என்று எழுது. இல்லாவிட்டால் கையெழுத்து கிடையாது. கையெழுத்து இல்லையென்றால் வருடம் போச்சு, அவளுக்கு வருகிற உதவித்தொகை நின்றுபோகும், அப்புறம் அம்மாவோடு லாட்ஜில் போர்வை துவைக்க வேண்டியதுதான்.

பழைய ஆய்வேடு பழனியில் தாளாக இல்லை. ஸ்கேன் செய்து கூட்டமைப்பின் வலைத்தளத்தில் ஏற்றிவிட்டு, இடத்தை அடைக்கிறது என்று எடைக்குப் போட்டுவிட்டார்கள். கூட்டமைப்பைத் திறக்கப் போனால் இந்தக் கல்லூரியின் அனுமதி காலாவதி. அமுதா லாட்ஜ் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

“இதுக்குப் போயா அழுவுற? எந்திரி. ராவுத்தர் போய் நின்னா வேலை நடக்கும்” என்று சமையல்காரன் முதல், ரூம் எடுத்துத் தங்கியிருந்த சேலத்துக்காரர் வரை காதில் விழும்படி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வாய் கொஞ்சம் நீளம் எனக்கு.

விளையாட்டு சார் நாற்காலி போட்டார். “புதுப்பிக்கலாம் பாய். ஆனா ஓடிபி வரும். அது கூட்டமைப்பு ஆரம்பிச்சப்ப ஒருங்கிணைப்பாளரா இருந்தவர் போனுக்குத்தான் போகும். அவரு ரிட்டயர்டு ஆகி மகன்கூட அமெரிக்கா போயிட்டாரு.”

“நம்பர மாத்துறதுதானே?”

“மாத்தணும்னா அத்தன கல்லூரி முதல்வரும் ஒண்ணாக் கூடிக் கையெழுத்துப் போடணும். நானும் வந்ததுலருந்து சொல்லிட்டுத்தான் இருக்கேன். கூட மாட்டேங்குறாங்க.”

விழாவுக்கு மட்டும் கூடுவார்கள் போல. “அந்த நம்பரக் குடுங்க” என்று நானே போட்டேன்.

“அலோ!” மாட்டுச் சந்தையில் கூப்பிடுகிற குரல்.

“கல்லூரி நூலகக் கூட்டமைப்புங்களா?”

“ஏலே, மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா? நான் ஒட்டன்சத்திரத்துல தக்காளி லோடு ஏத்துறவன்யா! இந்த சிம்மு வாங்குன நாள்லருந்து எவனெவனோ நம்பர் சொல்லு நம்பர் சொல்லுங்குறான். நம்பர் கேக்குறவன் பூராம் திருடன்னு டிவியில சொல்றாக. வைய்யா போன!”

புரிந்துவிட்டது. ஒருங்கிணைப்பாளர் விட்டுவிட்டுப் போன எண்ணை கம்பெனிக்காரன் வேறொருவருக்கு விற்றிருக்கிறான். அத்தனை கல்லூரிகளின் சாவியும் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் கிடக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல் வந்தது. ஆனால் ஒட்டன்சத்திரம் என் காய்கறி லோடெல்லாம் இறங்குகிற சந்தை, என் கோட்டையாயிற்றே. விடுவேனா?

“தம்பி, வச்சிராத. எந்த மண்டிக்கு ஏத்துற? நான் கொடைக்கானல் ராவுத்தர்.”

குரல் இறங்கியது. “எந்த ராவுத்தரு? முட்டக்கோசு ராவுத்தரா?”

“அவனேதான்.”

“அடப் பாவி மனுசா, மொதல்லயே சொல்றதில்லையா! நம்மளுக்குள்ள என்ன? இருங்க, கண்ணாடிய எங்கனயோ வச்சுட்டேன், பொண்டாட்டியக் கூப்புடுறேன்.”

விளையாட்டு சார் அனுப்பிய ஓடிபி எண், அந்த அம்மா வருவதற்குள் செத்துவிட்டது. மறுபடி அனுப்பி, அவர் வெரசா படிக்கச் சொல்லி அதட்ட, அவர் மனைவி அவரையே திருப்பி அதட்ட, ஒருவழியாக உள்ளே போய்விட்டோம். விளையாட்டு சார் சந்தோஷத்தில் விசிலையே ஊதிவிட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு லாட்ஜுக்கு வந்து, அன்றைக்கு அத்தனை பேருக்கும் பிரியாணி போட்டேன்.

மறுநாள் வெள்ளனே அமுதா வந்து நின்றாள். முகம் சரியில்லை.

“தாத்தா, பாதிதான் இருக்கு.”

“பாதின்னா?”

“ஒரு பக்கம் இருக்கு, அடுத்த பக்கம் இல்ல. கடைசி வரைக்கும் அப்படித்தான். எதனால அழுகுதுன்னு எழுத ஆரம்பிக்கிறாரு, பக்கம் முடிஞ்சிருது. அடுத்து பாத்தா மனுசன் பூண்ட சந்தையில வித்துக்கிட்டிருக்காரு.”

விசாரித்ததில் தெரிந்தது இதுதான். அந்தக் காலத்து ஆய்வேடெல்லாம் தாளின் ஒரு பக்கம்தான் டைப் அடிப்பார்களாம். ஸ்கேன் எடுக்க வந்த ஆட்கள் அதே பழக்கத்தில் ஒரு பக்கமாகவே தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். இந்த ஆய்வாளர் தாளை மிச்சம் பிடிக்க இரண்டு பக்கமும் அடித்திருக்கிறார். ஒருத்தனாவது திருப்பிப் பார்க்கவில்லை. அப்புறம் மூலத்தையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். எழுதியவரும் இப்போது உயிரோடு இல்லை. அந்தப் பக்கங்கள் இனி உலகத்தில் எங்கேயும் கிடையாது. நான் என்ன படித்தேன்? எனக்கே பொறுக்கவில்லை.

அமுதா பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள்.

“ஓப்பன் ஆச்சில்ல? டவுன்லோடு பண்ணினதுக்கு ஆதாரமா ஒரு பக்கம் வருமே, அத பிரிண்ட் எடுத்துப் பின்னால சேத்துரு. போதும்.” கையெழுத்துப் போட்டுவிட்டார். அவள் எழுதியதையும் படிக்கவில்லை, அவர் படிக்கச் சொன்னதையும் பார்க்கவில்லை.

வருடம் தப்பியது. செல்லம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். “வேலை முடிஞ்சுதுல்ல, சந்தோசமா இரு” என்றேன் அமுதாவிடம். அவள் இருக்கவில்லை.

“எனக்கு முடிஞ்சிருச்சு தாத்தா. எனக்கப்புறம் தேடி வர்றவங்களுக்கு? இப்படி இருக்குன்னு யாருகிட்டயாவது சொல்லணும்ல? யாருகிட்ட சொல்றது?”

அதுதான் எனக்கும் தெரியவில்லை. விளையாட்டு சாரிடம் கேட்டால், நாங்கள் பார்க்கிறவர்கள்தான், ஏற்றியது பழனி என்றார். பழனியில் கேட்டால், ஏற்றியது ஒப்பந்தக் கம்பெனி என்றார்கள். கம்பெனிக்குப் போன் போட்டால் ஒரு மெஷின் பேசியது. தமிழுக்கு ஒன்றை அமுக்கச் சொன்னது. அமுக்கினேன். மறுபடியும் அதையே சொன்னது.

சரி, விழாவுக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்களே, எல்லா முதல்வரும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்களே, அங்கேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அமுதாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஜெனரேட்டர் கொடுத்தவனை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தேன்.

“ஐயாமார்களே, எனக்குப் படிப்பு இல்ல. ஆனா ஒரு விசயம் சொல்லணும். நீங்க ஏத்தி வச்சிருக்குற புத்தகத்துல பாதிப் பக்கம் இல்ல. மூலத்த எடைக்குப் போட்டுட்டீங்க. திருப்பிப் பாக்க ஒரு ஆள் இல்ல. இது எனக்கு அருவருப்பா இருக்கு.”

முன்வரிசையில் யாரோ சிரித்தார். அதைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அரங்கமே கைதட்டியது. சிறப்பு விருந்தினர் எழுந்து வந்து, “கிராமத்து மனசின் வெகுளிப் பேச்சு” என்று சொல்லி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். மீண்டும் எடுத்தார்கள், முதல் படத்தில் நான் சிரிக்கவில்லையாம். கடைசி வரிசையில் அமுதா கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக, ராவுத்தர் போய் நின்றும் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அது போகட்டும். நான் இறங்கி வரும்போது அத்தனை படித்தவர்களில் ஒருத்தராவது என் கையைப் பிடித்து, “எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்?” என்று கேட்டிருந்தால் அந்தப் பொன்னாடையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வராமல் கொண்டுவந்து வீட்டில் வைத்திருப்பேன். வாந்திக்கு நடுவிலும் அதைக் கேட்கிற ஆட்கள் இந்த மலைப்பாதையில் போய் வந்துகொண்டிருந்தார்கள். இப்போது அப்படி ஒரு ஆள் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.