செல்வியைத் தாரும் என்று மட்டும் கேட்டேன்

என் மனைவி செல்வி ஆறு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது அவள் இருதயத்தைச் சுற்றி இரத்தம் கட்டிக்கொண்டது. அதைச் சாட்சியாகச் சொல்லத்தான் இந்தச் சபையில் உங்கள் முன் நிற்கிறேன். நடுவில் பேச்சு நின்றுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு இடைசெவலுக்குப் பக்கத்து ஊர். கரிசலில் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறவன் நான். செல்விக்குப் பிறவியிலேயே இருதயத்தில் ஓட்டை. கல்யாணத்துக்கு முன்பே தொடை இரத்தக்குழாய் வழியாகக் குடை போல விரியும் சிறு கம்பி வலையை அனுப்பி அதை அடைத்துவிட்டார்கள். நெஞ்சில் ஒரு தழும்புகூடக் கிடையாது. கொஞ்ச காலம் பரிசோதனைக்குப் போனாள். எல்லாம் நன்றாக இருந்ததால் அதுவும் நின்றது. பல வருடம் காத்திருந்த பிறகுதான் பிள்ளை உண்டானது. இருவரும் அழுதுகொண்டே ஸ்தோத்திரம் செய்தோம்.

போன ஐப்பசியில், விதைப்பு முடிந்த சமயம், அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. "வயித்துப்பிள்ளக்காரிக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும் மருமவனே" என்றார் அத்தை. நாங்களும் அப்படியே நினைத்தோம். ஒரு சனிக்கிழமை காலை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். உதடு கறுத்திருந்தது.

"ஏட்டி, என்ன செய்யுது?"

"நெஞ்ச அமுக்குத மாதிரி இருக்குங்க. படுத்தா இன்னும் கூடுது."

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த உடனே ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்தார்.

"உள்ள வச்ச அந்தக் குடையோட விளிம்பு இருதயச் சுவர உரசி உரசி அரிச்சிருக்கு. ரத்தம் கசிஞ்சு இருதயத்த நெருக்குது. இத்தன வருஷங்கழிச்சு இப்படி வாரது ரொம்ப அபூர்வம். நெஞ்சத் திறந்து அத எடுத்தாத்தான் தாய் பிழைப்பாங்க. பிள்ள தாங்குமான்னு எங்களால சொல்ல முடியாது."

உள்ளே கொண்டுபோகும்போது செல்வி என் கையைப் பிடித்தாள். "ஏங்க, எனக்காவ ஜெபம் பண்ண வேண்டாம். பிள்ளைக்காவப் பண்ணுங்க."

சரி என்று தலையாட்டினேன். மாடிப்படியின் ஓரத்தில் முழங்கால் போட்டேன். ஆனால் வாயில் வந்தது ஒன்றுதான். "ஆண்டவரே, செல்வியைத் தாரும். செல்வியைத் தாரும்." பிள்ளையை மறக்கவில்லை. வாய் அதைச் சொல்லவில்லை.

சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்தார். செல்வி பிழைத்துவிட்டாள். குடையை எடுத்து, ஓட்டையைத் தைத்து மூடிவிட்டார்கள். பிள்ளையின் துடிப்பு மட்டும் நடுவிலேயே நின்றுவிட்டது.

பிள்ளையை எடுத்து என் கையில் தந்தார்கள். பெண் பிள்ளை. கைவிரல்களில் நகம்கூட இருந்தது. செல்வி நினைவில்லாமல் கிடக்க, நானும் போதகரும் பிள்ளையை ஊருக்குக் கொண்டுவந்து கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். மழை ஈரத்தில் கரிசல் மண் காலை விடவில்லை. அவளைப் பெற்றவள் ஒரு தடவைகூட அவளைப் பார்க்கவில்லை.

தொண்டைக் குழாயை எடுத்ததும் செல்வி கேட்ட முதல் வார்த்தை, "பிள்ள அழுதுச்சா?"

இல்லை என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் ஜெபிக்கவில்லை. நெஞ்சு நெடுகத் தழும்போடு சும்மா உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். "அன்னைக்கு என்ன ஜெபம் பண்ணீங்க?" என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னேன்.

"அப்ப நான் கேட்டது?"

இருவரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஆலயத்துக்குப் புறப்படும்போது அவளும் சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். நான் ஆச்சரியத்தோடு பார்த்தேன்.

"அவருகிட்ட கோவமாத்தான் இருக்கேன்" என்றாள். "அதையும் அவருகிட்டதானே சொல்லணும்."

நான் கேட்டது எனக்குக் கிடைத்தது. அதோ, பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். மூச்சு சீராக இருக்கிறது. தேவனுக்கு நன்றி சொல்கிறேன், சொல்லும்போதெல்லாம் அழுகிறேன். முன்பு வேலைக்கு நடுவில் வாய்க்கு வந்ததைச் சொல்லி ஜெபிப்பேன். இப்போது தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பேசாவிட்டாலும், இருவருக்குமாகச் சேர்த்து ஜெபிக்கிறேன்.

இருதயத்தில் இப்படி ஓட்டையை அடைத்தவர்கள் யாரும் இருந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும் பரிசோதனையை நிறுத்தாதீர்கள். கேட்டதில் பாதிதான் கிடைத்தது என்று மனம் கசந்தவர்கள் யாரும் இருந்தால், கிடைக்காத பாதியையும் தூக்கிக்கொண்டு அவரிடமே வாருங்கள். நாங்கள் அப்படித்தான் வந்திருக்கிறோம்.