மலையாளப் பேப்பரில் பொதிந்த செடிகள்

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குப் போதும் போதும் என்றாகியிருந்த ஒன்று உண்டென்றால் அது அகத்தியகூடம். கள்ளிக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அணைத் தண்ணீருக்கு அப்பால் அந்த மலை தெரியும். பார்க்கலாம், போக முடியாது. உச்சிக்குப் பெண்களை விடுவதில்லை. நானோ அந்த உச்சிப் பாறையின் செடிகளைப் பற்றித்தான் எம்.ஃபில். ஆய்வு எழுதிக்கொண்டிருந்தேன். செடி பறிக்க அனுமதி கிடைத்தது, பறிக்கப் போகிறவளுக்குக் கிடைக்கவில்லை. என் தலையெழுத்து, வேறென்ன!

என் கேள்வி சின்னதுதான். அந்தப் பாறையின் மேற்கு முகம் கேரளப் பக்கம். மழையை வாங்கி வாங்கிக் கசிந்துகொண்டே இருக்கும். கிழக்கு முகம் திருநெல்வேலிப் பக்கம்; வெயிலும் காய்ந்த காற்றும். ஒரே உயரம், ஒரே கல். இரண்டு பக்கமும் ஒரே செடிகள்தான் நிற்கின்றனவா, வேறுவேறா? இதைச் சொல்ல ஒவ்வொரு செடியும் எந்தப் பக்கத்தில் நின்றது என்று தெரிந்தாக வேண்டும்.

என் கணவர் போகிறேன் என்றார். கணக்கு வாத்தியார். காசித்தும்பைக்கும் கீரைக்கும் வித்தியாசம் தெரியாதவர், முட்டுவலி வேறு. எல்லையோரத்துக் குன்னத்துகாலில் எங்கள் வீட்டில் மாமனாருக்குத் தமிழ்ப் பேப்பர், இவருக்கு மலையாளப் பேப்பர். பழையதை இரண்டு கட்டாகக் கட்டிக் கொடுத்தேன். மேற்கே பறித்ததை மலையாளத்தில் பொதிய வேண்டும், கிழக்கே பறித்ததைத் தமிழில். இதைவிட எளிதாக யாருக்கும் சொல்லிக் கொடுக்க முடியாது.

முகம் கறுத்து, காலெல்லாம் அட்டை கடித்த தழும்போடு திரும்பி வந்தார். அன்று சாயங்காலமே அடுக்களைத் தரையில் கட்டைப் பிரித்தேன். மலையாளப் பேப்பருக்குள் தடித்த, ரோமம் மூடிய இலை. வறண்ட இடத்துச் செடியின் இலை அது. அடுத்த தாளிலும் அதேபோல இன்னொன்று. இரண்டையும் தூக்கி அவரிடம் காட்டினேன்.

“பாத்தியளா! ஈரப் பக்கத்துல வறட்சிச் செடி நிக்குது. இத இதுவரைக்கும் யாரும் சொல்லல்ல.”

முட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவரின் கை நின்றது.

“மக்கா, மேல நல்ல மழயாக்கும். தமிழ்ப் பேப்பரு பூரா நனைஞ்சு கூழாப் போச்சு. மலையாளந்தான் காஞ்சு கெடந்து. எல்லாத்தையும் அதுல பொதிஞ்சேன்.”

“எல்லாத்தையுமா?”

“நனைஞ்ச பேப்பர்ல வச்சா செடி அழுவிப்போவும்னு நீதானே சொன்னே?”

சொன்னேன்தான். ஏசக்கூட எனக்கு வழியில்லை. பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் அல்ல. எனக்குப் பதிலாக அவரை ஏற வைத்தார்களே, அவர்கள்மேல்.

ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர் அலட்டிக்கொள்ளவே இல்லை. இலையைப் பார்த்து நீயே இரண்டாகப் பிரித்துவிடேன் என்றார். செடி எந்தப் பக்கத்தில் நின்றது என்பதை இலை காட்டுமா என்பதுதானே சார் கேள்வி, நானே பிரித்து வைத்தால் நான் வைத்ததுதானே விடையாக வரும் என்றேன். பிடிவாதக்காரி என்றார். ஆமாம், பிடிவாதக்காரிதான்.

“அடுத்த வருசம் இன்னும் ஒருக்கா போயிட்டு வாறேன்” என்றார் கணவர். சொல்லிவிட்டு எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தார்.

“ஒண்ணும் வேண்டாம், சும்மா இரிங்க” என்றேன். ஆய்வுக்காக வேலையில் எடுத்திருந்த என் லீவும் முடிய இருந்தது. மலையடிவாரத்தில் என்னை ஏற விட்ட பாறைகளில் எல்லாம் ஏறி இறங்கி, அவற்றின் செடிகளை எழுதினேன். சலிப்பு எலும்புவரை இறங்கியிருந்தது. வரைபடத்தில் அடிவாரம் முழுக்க நிறம் தீட்டி, உச்சியை வெள்ளையாகவே விட்டேன்.

வாய்மொழித் தேர்வுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நல்ல மனிதர். வரைபடத்தை விரித்து அந்த வெள்ளையில் விரலை வைத்தார்.

“இங்க மட்டும் ஏம்மா விட்டுட்டீங்க? ஏத்தம் ரொம்பக் கஷ்டமோ?”

“தெரியாது சார்” என்றேன். “என்னை ஏற விடல்ல.”