யாரும் மௌத்தாகாத வாரம்

எங்கள் ஊரில் ஒருவர் மௌத்தானால் அநேகமாக அடுத்த தொழுகையோடு அடக்கிவிடுவார்கள். வாப்பாவைப் பின்னேரம் அஸர் தொழுகைக்கு எடுத்தோம். நற்பிட்டிமுனையில் இருக்கும் அவரைக் காக்கா என்று கூப்பிடும் தங்கச்சி, என் மாமி, செய்தி கிடைத்து ஆட்டோவில் வந்து இறங்கியபோது வாப்பாவைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டோம். எங்கள் சாய்ந்தமருதுக்கும் நற்பிட்டிமுனைக்கும் நடுவில் கடலா கிடக்கிறது? எனக்கு மனம் ஆறவேயில்லை. ஒருவர் மௌத்தானால் அந்த ஜனாஸா அறிவித்தலை உடனுக்குடன் போனுக்கு அனுப்பும் செயலியொன்றை எழுதினேன்.

எழுதியது லேசு. செயலிக் கடையில் அனுமதி வாங்குவதுதான் பெரும்பாடு. முதலில் சோதித்துப் பார்க்க ஆட்கள் வேண்டும் என்றார்கள். குடும்பத்தில் போன் வைத்திருந்த எல்லோர் தலையிலும் கட்டினேன். பிறகு, உள்ளே ஒன்றுமே இல்லை, வெறுமையாக இருக்கிறது என்று நிராகரித்தார்கள். அந்த வாரம் ஊரில் ஒரு மௌத்தும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். அதை அப்படியே விளக்கி எழுதினேன். முதல் பதிலே ஒரு புள்ளி மாறாமல் திரும்பி வந்தது. எங்கேயோ ஏசி அறையில் இருக்கும் அந்தப் புண்ணியவானின் திருப்திக்கு எங்களில் ஒருவர் சாக வேண்டும்போல.

சரி, மாதிரிக்கு ஒரு ஜனாஸா போடுவோம் என்றால், யாருடைய பெயரைப் போடுவது? போட்டால் சும்மா விடுவார்களா? என் பெயரையே போட்டு, அஸருக்கு நல்லடக்கம் என்றும் எழுதிவிட்டு, நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். அறிவித்தல் ஏறியதும் எல்லாப் போனுக்கும் தானாகப் பறக்கும்படி எழுதியிருந்த கெட்டிக்காரனும் நான்தான்.

வாசலில் அழுகைச் சத்தம். சோற்றுக் கையோடு எழும்பிப் போனால் மாமி. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அவருக்குப் பின்னால் கல்முனையில் கடையைப் பூட்டிவிட்டு மச்சான் வந்தார். வாடகைக் கதிரைகளும் வந்தன. மச்சான் ஏசிய ஏச்சை எழுதினால் இந்தக் கதைக்கும் அனுமதி கிடைக்காது. நின்ற நிலையிலேயே செயலியைப் போனிலிருந்து அழித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அழித்தார்கள். சோதிக்க ஆட்கள் போதாது என்று செயலிக் கடையிலிருந்து அடுத்த நிராகரிப்பு வந்தது.

மாமியின் போனிலும் அழித்துவிடலாம் என்று கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"வேணாம் மகன், கிடக்கட்டும். இண்டைக்கு எல்லாருக்கும் முன்ன நான் வந்துட்டன். காக்காட முகத்தத்தான் பாக்கக் கிடைக்கல்ல."