ரஜாய் மறைவில் ஒலிப்பதிவு

என் கணவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தபோது எங்கள் செம்பூர் அறைக்கு ஒரு டேப் ரிக்கார்டர் வந்தது. பார்க்கச் சூட்கேஸ் மாதிரி இருக்கும். தூக்கினால் தோள் இறங்கிவிடும். கொண்டுவந்தவர் மாட்டுங்காவில் சின்னதாகப் படக்கம்பெனி நடத்தியவர். தொழிற்சாலைகளில் தொழிலாளிகளுக்குப் போட்டுக் காட்ட ஸ்லைடு படங்கள் தயாரித்துக்கொண்டிருந்தார். பல தொழிலாளிகளுக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்க வராது. அதனால் படத்தோடு ஒரு குரலும் ஓட வேண்டும். தாராவியில் நான் தமிழ் வகுப்பு எடுத்த பள்ளிக்கூடத்துக்கு அவர் ஆள் தேடி வந்தபோது தலைமையாசிரியர் என்னைக் காட்டிவிட்டார்.

"ஸ்டூடியோவெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது டீச்சர். ஆத்துலயே உக்காந்து வாசிச்சுடுங்கோ, போறும்" என்றார்.

சரி என்றேன். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அறையில் நானும் என் கணவரின் அக்காவும் மட்டும்தான். தம்பி போன செய்தி கேட்டுத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள், என்னைத் தனியே விட மனமில்லாமல் தங்கிவிட்டாள். மதினி நினைத்து நினைத்து அழுவாள். எனக்கு அழுகை வரவில்லை. பள்ளிக்கூடம் போனேன், வந்தேன், தூங்கினேன்.

முதல் பதிவைக் கேட்டுவிட்டுப் படக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"கெணத்துக்குள்ளேர்ந்து பேசறாப்ல இருக்கே. ரூம்ல சாமானே இல்லையா?"

இல்லைதான். கட்டிலைக் கொடுத்துவிட்டோம், என் கணவரின் பெட்டியையும் ஊருக்கு அனுப்பியாயிற்று. வெறும் சுவரில் பட்டுச் சத்தம் திரும்பி வருகிறது, துணி எதையாவது தொங்கவிடுங்கள் என்றார். மறுநாள் கொடி கட்டி, பஞ்சு அடைத்த கனத்த போர்வைகளான இரண்டு ரஜாய்களைத் தொங்கவிட்டேன். மெத்தையைச் சுவரில் சாய்த்தேன். குரல் திரும்பி வருவது நின்றது.

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் காதில் விழ ஆரம்பித்தது. இயந்திரத்தின் மோட்டார் உறுமல் டேப்பில் ஏறியது. அதை மடித்த கம்பளிமேல் வைத்து, வயர் எட்டும் தூரத்துக்கு அடுப்படிப் பக்கம் தள்ளினேன். மைக்கைக் கையில் பிடித்தால் விரல் உரசும் சத்தம். புத்தகங்களை அடுக்கி, மேலே துண்டை விரித்து அதன்மேல் வைத்தேன். 'ப' வரும் இடமெல்லாம் பட்டாசு வெடித்தது. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்துப் பக்கமாக நகர்த்தியதும் அடங்கியது. தாளைப் புரட்டினாலும் கேட்டதால், தைத்த தாள்களைப் பிரித்துத் தனித்தனியாகத் தரையில் பரப்பி, குனிந்து வாசித்தேன். பள்ளி விட்டு வந்ததும் இதுதான் வேலை. வேறு எதையும் நினைக்க வேண்டியிருக்கவில்லை.

கதவிடுக்கு வழியாகத்தான் வெளிச் சத்தம் அதிகம் வந்தது. அங்கே சுவரில் ஆணி நிற்கவில்லை. பதிவு நடக்கும்போதெல்லாம் நான் மின்விசிறியை நிறுத்திவிட, மதினி ஒரு ரஜாயைக் கதவில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"காத்தாடியயும் பந்த் பண்ணிட்டா வெந்துல்லா சாவணும்" என்று முணுமுணுப்பாள். ஆனாலும் பிடிப்பாள்.

குடும்ப நலம், சிறுசேமிப்பு என்று இரண்டு படம் முடிந்தது. மூன்றாவது, தொழிற்சாலைப் பாதுகாப்பு.

என் கணவர் அம்பர்நாத்தில் வேலை பார்த்தவர். மேலே சுழலும் தண்டிலிருந்து எந்திரத்துக்கு ஒரு தோல் பெல்ட் இறங்கும். அதற்கு மூடி கிடையாது. அதில் சட்டை மாட்டி அவரை இழுத்துக்கொண்டது. படக்காரருக்கு இது தெரியாது. நானும் சொல்லவில்லை.

தாளில் இப்படி ஒரு வரி இருந்தது: 'பெல்ட்டில் சிக்கி உயிரிழப்பவர்கள் தங்கள் கவனக்குறைவாலேயே உயிரிழக்கிறார்கள்.'

வாசித்தேன். தடுமாறவில்லை. வரி முடியும் நேரத்தில் கூட்ஸ் வண்டி போயிற்று. திரும்ப வாசித்தேன். குழாயடியில் யாரோ வாளியைப் போட்டார்கள். திரும்ப வாசித்தேன். 'சிக்கி' சரியாக விழவில்லை என்று மறுபடியும். பிறகு ஆலைச் சங்கு. ரஜாய்க்குள் புழுக்கம், முதுகில் வியர்வை ஓடியது. அந்த வரி எனக்கு வெறும் சத்தமாகிவிட்டது. எங்கே மூச்சு விடுவது என்பது மட்டும்தான் கணக்கு.

கடைசியில் சுத்தமாக வந்தது. இரண்டு நொடி அமைதி விட்டு நிறுத்தலாம் என்று காத்திருந்தேன். அப்போது கதவுப் பக்கமிருந்து மதினி கேட்டாள்.

"ஏட்டி, அவன் கவனமில்லாதவனாட்டி?"

"மதினி, பேசாம இருங்க. டேப் ஓடுது."

அவள் ரஜாயைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். நான் டேப்பை நிறுத்தி, பின்னால் சுற்றிப் போட்டுக் கேட்டேன். வரி நன்றாக வந்திருந்தது. அவள் பேசியது அதற்குப் பின்னால்தான். படக்காரர் வெட்டி எடுத்துக்கொள்வார் என்று அப்படியே கொடுத்துவிட்டேன்.

மாட்டுங்காவில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து படக்காரர் அதைக் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"யாரு டீச்சர், நடுவுல ஒரு மாமி பேசறா?"

"என் வீட்டுக்காரரோட அக்கா சார்."

"யாரைப் பத்திக் கேக்கறா?"

"வீட்டுக்காரரப் பத்தித்தான். அம்பர்நாத்துல பெல்ட்டுல மாட்டித்தான் இறந்தாரு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"முன்னாடியே சொல்லப்படாதோ? இந்த வரியை வேணா எடுத்துடட்டுமா?"

"வேண்டாம் சார். சத்தம் எதுவும் இல்லாம நல்லா வந்திருக்கு" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு டீ வரவழைத்தார்.

படத்தை முதலில் அம்பர்நாத்தில்தான் போட்டார்கள். என் கணவரின் தொழிற்சாலை இல்லை, அதே சாலையில் இருந்த இன்னொன்று. என்னையும் கூப்பிட்டிருந்தார் படக்காரர். கேன்டீன் சுவரில் வேட்டி மாதிரி ஒரு வெள்ளைத் துணி. ஷிப்ட் முடிந்தவர்கள் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் என் குரல் வந்தது. மின்விசிறிச் சத்தத்திலும் தட்டுக் கழுவும் சத்தத்திலும்கூட ஒவ்வொரு சொல்லும் தெளிவாக நின்றது. முன் பெஞ்சுக்காரர் ஒருவர் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்.

பெல்ட் படம் வந்தது. நான் அந்த வரிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. 'பெல்ட்டுக்கு மூடி இல்லையென்றால் மேஸ்திரியிடம் சொல்லுங்கள், மூடி போடும்வரை அருகில் போகாதீர்கள்' என்று ஒரு ஆண்குரல் சொன்னது. படக்காரரின் குரல்தான். 'ஆத்துல', 'போறும்' என்கிற தன் மாட்டுங்காத் தமிழை மறைக்கப் பாடுபட்டிருந்தார். அடுத்த வரியில் மறுபடி நான். டேப்பை வெட்டி ஒட்டிய இடம் காதுக்குத் தெரியவே இல்லை. அதைத்தான் நான் கவனித்தேன்.

திரும்பும்போது ரயிலில் தூங்கிவிட்டேன். குர்லாவில் இறங்கி வண்டி மாற வேண்டியவள் தாதர் வரை போய்த் திரும்பி வந்தேன்.

மதினி தட்டை வைத்தாள்.

"கவனக்குறைவுன்னு அந்தப் பேச்சு வந்துச்சா?"

"வரல மதினி. எடுத்துட்டாரு."

"நீ எடுக்கச் சொன்னியா?"

"இல்ல."

அவள் குழம்புச் சட்டியைப் பக்கத்தில் இழுத்தாள். "சொல்லியிருக்கலாம்லாட்டி" என்றாள்.

"ஆமா. சொல்லியிருக்கலாம்."

சோற்றில் மீன் குழம்பை ஊற்றினாள். ஒரு வாய் வைத்தேன்.

"உப்பு கூடிப்போச்சு மதினி."

கரண்டியைப் பிடித்தபடி அவள் என்னைப் பார்த்தாள். தம்பி போன பிறகு சாப்பாட்டைப் பற்றி நீ இன்றைக்குத்தான் வாயைத் திறக்கிறாய் என்றாள். எனக்கு அது தெரியாது. தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றை அள்ளிப் போட்டாள். பிசைந்து சாப்பிட்டேன்.