முத்திரை விழாத மெஷின்

எடை அளவுத் துறையில் ஆய்வாளராக முப்பது வருடம் குப்பை கொட்டிய அவரைக் கடைவீதியில் முத்திரைக்காரர் என்றுதான் சொல்வார்கள். தராசு, எடைக்கல், பெட்ரோல் பம்பு, டாக்ஸி மீட்டர், எதுவானாலும் அவர் சோதித்து முத்திரை குத்தினால்தான் வியாபாரம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். கையூட்டு என்ற பேச்சே அவரிடம் எடுபடாது. அதனால் அவர் தலை தெரிந்தாலே கடைக்காரர்கள் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு பழக்கடைத் தராசின் அடியில் ஒட்டியிருந்த சூயிங்கத்தை நகத்தால் சுரண்டி எடுத்து, காகிதத்தில் மடித்து, பக்கத்துக் கடைக்காரரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கியவர் அவர். அந்த வீதி இன்னமும் அதைச் சொல்லிச் சிரிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவருக்கு வேறு பெயர். மூன்றாவது மாடியில் இருந்த அவர் வீட்டு முன்னறையில் அவரையும் சேர்த்து நான்கு ஜாஸ் பைத்தியங்கள் கூடும். அவர்களுக்கு அவர் ‘நிதானம்’. பெயரைச் சூட்டியவர் கல்லூரியில் வரலாறு நடத்தும் புரொஃபசர். மற்ற இருவரில் ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் மருந்துக்கடைக்காரர். நால்வரில் ஒருவருக்கும் ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. அதை அவர்கள் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. வாசிக்கத் தெரிந்தவன் தன் வாத்தியத்துக்குப் பரிந்து பேசுவான், நமக்கு அந்தத் தொல்லை இல்லை என்பது புரொஃபசரின் கட்சி.

அறையின் நடுநாயகம் அவருடைய ரெக்கார்ட் பிளேயர். பாலம் கட்ட வந்த ஒரு வெளிநாட்டு இன்ஜினியர், வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. தன் நாட்டு மின்சாரம் வேறு மாதிரி என்று சொல்லி, கரண்டைக் குறைத்துக் கொடுக்கிற ஓர் இரும்புப் பெட்டியும் கூடக் கொடுத்தார். ஒரு பியானோ இசைத்தட்டைச் சும்மாவே கொடுத்தார். மோட்டாரைப் பற்றியும் ஏதோ சொன்னார், உள்ளே இருக்கிற ஒரு சின்னச் சக்கரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று. ஊரில் உள்ள அத்தனை மீட்டரையும் கவிழ்த்துப் போட்டுப் பார்க்கிற மனிதர், அந்த நேரம் பார்த்து ஊசி முனையின் பளபளப்பில் சொக்கிப்போய் நின்றார். தலையை மட்டும் ஆட்டிவைத்தார். அந்தச் சக்கரம் மாற்றப்படவே இல்லை. அன்றிலிருந்து அந்த மெஷின் சுற்ற வேண்டியதைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றியது. இருபது வருடம் சுற்றியது.

மெதுவாகச் சுற்றினால் இசை மெதுவாகும், குரலும் கனத்துப்போகும். துள்ளிக் குதிக்க வேண்டியது ஆழ்ந்து யோசிக்கும். முத்திரைக்காரர் அதற்கு முன் ஜாஸ் கேட்டவர் அல்லர். கடையில் வாங்கிய முதல் தட்டு சுற்றிய உடனேயே மனிதர் விழுந்துவிட்டார். இப்படி ஒரு பொறுமையா, இப்படி ஒரு துக்கமா என்று வியந்தார். உண்மையான ஜாஸ் என்றால் நிதானம், மற்றதெல்லாம் அவசரம் என்று ஒரு சித்தாந்தமே கட்டி எழுப்பினார். ரேடியோவில் அதே பாட்டு வேகமாக வந்தால், விளம்பரத்துக்கு இடம் வேண்டும் என்று ஓட்டுகிறார்கள் பார், பாவிகள் என்று அணைத்துவிடுவார்.

சித்தாந்தம் என்று ஒன்று வந்துவிட்டால் ஆதாரங்கள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும். தட்டின் உறையில் ஆறு நிமிடம் என்று அச்சிட்டிருக்கும், இங்கே ஏழுக்கும் மேலே ஓடும். கலைஞர்களுக்குக் காசைக் குறைத்துக் கொடுக்கக் கம்பெனிக்காரன் செய்கிற தில்லுமுல்லு என்று புரொஃபசர் விளக்கம் சொன்னார். சின்ன சாக்ஸபோன் என்று போட்டிருக்கும், கேட்டால் பெரிய சாக்ஸபோனாக இருக்கும். அச்சுப்பிழை. ஒரு பாடகியின் குரல் இங்கே ஆண்பிள்ளைக் குரலாகக் கேட்டது. அந்த அம்மாள் வாழ்க்கையில் எவ்வளவு அடிபட்டிருந்தால் தொண்டை இப்படி ஆகியிருக்கும் என்று பல் டாக்டர் கண் கலங்கினார். அடிபட்ட வருடம், அடித்த கணவன் எல்லாவற்றையும் புரொஃபசர் ஊகித்து ஒரு கட்டுரையே எழுதி வாசித்தார். டாக்டரிடம் ரெக்கார்ட் பிளேயர் கிடையாது. இந்த மெஷினிலிருந்து கேசட்டில் பதிந்துகொண்டு போய்த் தன் கிளினிக்கில் ஓடவிடுவார். நோயாளிகள் வாயைத் திறந்தபடியே தூங்கிப்போவதாகப் பெருமையாகச் சொல்வார். புரொஃபசரிடம் ஒரு பிளேயர் இருந்தது; அதன்மேல் விடைத்தாள்களை அடுக்கிவைத்திருந்தார்.

மருந்துக்கடைக்காரர் மட்டும் வீட்டில் தட்டு போட்டுக் கேட்கிறவர். அவர் அதிகம் பேச மாட்டார்.

ஞாயிறு தோறும் தட்டுகள் கைமாறும். அதற்கு அவர்களுக்குள் ஒரு முறை இருந்தது. எந்தத் தட்டானாலும் முதலில் அந்த மெஷினில் ஓட வேண்டும். முத்திரைக்காரர் கண்ணை மூடிக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார். ‘நிதானம்’ என்றால் உசத்தி, ‘அவசரம்’ என்றால் மட்டம், ‘சவம்’ என்றால் அதற்கும் கீழே. ஒரு நிதானத்துக்கு இரண்டு சவம் என்பது மாற்று விகிதம். இயல்பிலேயே மெதுவாக வாசித்த அருமையான தட்டுகளெல்லாம் அந்த மெஷினில் ஏறினால் இழுத்துக்கொண்டு கிடந்தன. அவை சவம் என்று தீர்ப்பாகி மருந்துக்கடைக்காரரின் பைக்குள் போயின. பதிலுக்கு அவர் கொண்டுவந்தவை, குடித்துவிட்டு ஆடுகிற கூட்டத்துக்காகத் தடதடவென்று வாசித்த கேளிக்கைத் தட்டுகள். அந்த மெஷினில் அவை தவத்தில் உட்கார்ந்த மாதிரி கேட்டன. முத்திரைக்காரர் அவற்றை இரண்டு கையாலும் வாங்கி வைத்துக்கொண்டார். பீரோ நிறைந்தது. மனைவியின் தையல் மெஷினை நடைவழிக்குத் தள்ளிவிட்டு இரண்டாவது பீரோ வாங்கினார். அந்த அம்மாள் ஞாயிறு காலைகளில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவதை வழக்கமாக்கிக்கொண்டார்.

கடைசியில் அவரிடம் இருந்த சவம் ஒன்றே ஒன்று. இன்ஜினியர் கொடுத்த அந்தப் பியானோத் தட்டு. எங்கோ ஒரு சின்னக் கம்பெனி கொஞ்சமே கொஞ்சம் போட்டது. வேறு எங்கும் கிடைக்காது. மெஷினோடு வந்த தட்டு என்ற பாசத்தில் வைத்திருந்தாரே தவிர, அதைப் போட்டுக் கேட்டு வருடக்கணக்காகிவிட்டது. மருந்துக்கடைக்காரர் அதை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற இன்னும் சில மாதமே இருந்த நிலையில், வீட்டில் இடமும் இல்லை என்று முத்திரைக்காரர் மனம் இளகினார். மூன்று நிதானங்களுக்கு அதைத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். வருகிற ஞாயிறு கைமாற வேண்டும்.

வியாழக்கிழமை மெஷினின் மோட்டார் புகைந்து செத்தது.

ஞாயிறு கூட்டம் நின்றுவிடக்கூடாதே என்று அன்று மாலையே புதிது ஒன்று வாங்கிவந்தார். அதில் தன் தலைசிறந்த நிதானத்தைப் போட்டார். பியானோக்காரனும் டிரம்ஸ்காரனும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களைப் போல ஓடினார்கள். மெஷின் பழுது என்று கடைக்கு எடுத்துப்போய் ஒரு பிடி பிடித்தார். வேறு கொடுத்தார்கள். அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. கடைக்காரரைச் சட்டப்படி உள்ளே தள்ளுவது என்று தீர்மானித்து, மறுநாள் அரைநாள் லீவு போட்டு, அலுவலகத்து ஸ்டாப்வாட்சை எடுத்துவந்தார். தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, அது எத்தனை முறை சுற்றி வருகிறது என்று எண்ணினார். நிமிடத்துக்கு முப்பத்துமூன்றும் சொச்சமும். தட்டின்மேல் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதுவேதான், மயிரிழை பிசகவில்லை.

திரும்ப எண்ணினார். திரும்பவும் எண்ணினார். பிறகு உறையில் போட்டிருந்த நிமிடக் கணக்கைப் பார்த்தார். அதுவும் சரியாக இருந்தது. பழைய மெஷினிலிருந்து பதிந்த கேசட் ஒன்றை ஓடவிட்டு ஸ்டாப்வாட்சை அழுத்தினார். அதே பாட்டு அதில் உறைக் கணக்கைத் தாண்டி ஒரு நிமிடத்துக்கும் மேல் ஓடியது; இன்ஜினியர் சொன்ன சின்னச் சக்கரம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கள்ள எடையைக் கண்டுபிடித்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். பறிமுதல் செய்து, சிவப்பு அரக்கு வைத்து, கேஸ் எழுத வேண்டும். யார்மேல் எழுதுவது என்றுதான் தெரியவில்லை. இரண்டு பீரோவிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். குடிகாரக் கூத்து, அதற்குப் பிறகு இன்னொரு குடிகாரக் கூத்து. அடிபட்ட அந்தப் பாடகி சின்னப் பெண் குரலில் சிரித்துச் சிரித்துப் பாடினாள். அவள் வாழ்க்கையில் ஒரு குறையும் இருந்த மாதிரி தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் கடைசியாக அந்தப் பியானோத் தட்டைப் போட்டார். அது சவம் இல்லை. யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவசரமில்லாமல், அவரிடம் மட்டும் பேசுவது போல இருந்தது. இருபது வருடமாக அவர் வாய் ஓயாமல் சொன்ன நிதானம் அதில்தான் இருந்தது. அதைப் போன்றவற்றைத் தன் கையாலேயே, அதுவும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில், தூக்கிக் கொடுத்திருந்தார். முத்திரைக்காரர் அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைக்கும்போதுதான் உறைத்தது, அவ்வளவு சவங்களையும் தேடித் தேடி வாங்கிப்போனவர் வீட்டில் சரியாக ஓடுகிற மெஷின் இருந்தது என்பது.

ஞாயிறு காலை மருந்துக்கடைக்காரர் மற்றவர்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டார், கையில் மூன்று தட்டுகளோடு. புது மெஷினைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு நொடி சுருங்கி, பழையபடி ஆனது. முத்திரைக்காரர் சுற்றி வளைக்கவில்லை.

“உங்களுக்கு இது எப்பலேருந்து தெரியும்?”

மருந்துக்கடைக்காரர் மழுப்பவில்லை. சேர்ந்த மூன்றாவது வாரமே தெரியும் என்றார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“என் கடைத் தராசை வருஷா வருஷம் கவுத்துப் போட்டுப் பாத்தீங்களே சார். ஒரு தடவையாவது, சரியா இருக்கான்னு என்கிட்ட கேட்டீங்களா? நீங்களே பாத்து, நீங்களே முத்திரை குத்தினீங்க. இதுக்கும் நீங்களே முத்திரை குத்திட்டீங்க. நான் யாரு நடுவுல?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. அதற்குள் புரொஃபசரும் டாக்டரும் வந்துவிட்டார்கள். முத்திரைக்காரர் அவர்களிடம் எதையும் மறைக்கவில்லை. சக்கரம் மாற்றாத கதை, ஸ்டாப்வாட்ச், கேசட், எல்லாவற்றையும் அலுவலக அறிக்கை மாதிரி வரிசையாகச் சொன்னார். தாம் கேட்டது ஜாஸே இல்லை, மெஷின் செய்த கோளாறு என்று தம் வாயாலேயே சொன்னார். சொல்லிவிட்டுப் புது மெஷினில் ஒரு தட்டைப் போட்டுக் காட்டினார்.

இருவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார்கள். அவசரம் என்றார் டாக்டர். படு அவசரம் என்றார் புரொஃபசர். இந்தக் காலத்து மெஷின்களையே வேகமாக ஓடும்படிதான் செய்கிறார்கள், ஸ்டாப்வாட்சும் அதே கூட்டத்தார் செய்ததுதானே என்றும் கேட்டார். முத்திரைக்காரர் வாதாடிப் பார்த்தார். அவர் எடுத்த ஒவ்வொரு வாதத்துக்கும் இருபது வருடமாக அவரே சொல்லிக்கொடுத்த பதில் தயாராக இருந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பி, நீங்களாவது சொல்லுங்கள் என்றார்.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

“எனக்கு அப்படி ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே. சாருக்கு ரிடையர்மென்ட் நெருங்குது. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்தா எல்லாம் சரியாயிடும்.”

டாக்டர் அனுதாபத்தோடு முத்திரைக்காரரின் தோளைத் தட்டினார். இனிமேல் கூட்டத்தைத் தம் கிளினிக்கில் வைத்துக்கொள்ளலாம், பழைய கேசட்டுகள் எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கின்றன என்றார். புரொஃபசர், நிதானம் என்ற கொள்கை ஒரு தனிமனிதரைவிடப் பெரியது என்று சொல்லிவிட்டு எழுந்தார். இனித் தட்டுகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை மருந்துக்கடைக்காரர் ஏற்க வேண்டும் என்று இருவரும் கேட்டுக்கொண்டார்கள். அவர் கொஞ்சம் தயங்குகிற மாதிரி தயங்கிவிட்டு ஒப்புக்கொண்டார். போகும்போது வாசலில் திரும்பி நின்று, பேசியபடி அந்தப் பியானோத் தட்டு என்று இழுத்தார்.

முத்திரைக்காரர் கொடுத்த வாக்கை ஒருபோதும் மீறாதவர். அன்று மீறினார். கதவைச் சாத்தினார்.

அவர்கள் படியிறங்குகிற சத்தம் ஓய்ந்தபிறகு தட்டைப் போட்டார். அக்கா வீட்டிலிருந்து திரும்பிய மனைவி செருப்பைக் கழற்றினார். அறை காலியாக இருப்பதைப் பார்த்தும் என்ன ஏது என்று கேட்காமல் வழக்கம்போல உள்ளே போனார். போனவர் பாதி வழியில் நின்றார். திரும்பி வந்து, பல் டாக்டர் வழக்கமாக உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. ஒரு பக்கம் முடியும்வரை அசையவில்லை. ஊசி மேலே எழும்பியதும் அவரே போய்த் தட்டைத் திருப்பிப் போட்டார். அது முடிந்தபிறகு இரண்டு பீரோவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இவ்வளவு நல்லா இருக்குமா உங்க பாட்டு? சும்மா இல்லாம நானும் இத்தனை வருஷம் எந்திரிச்சு எந்திரிச்சுப் போனேனே. இனிமே ஞாயித்துக்கிழமை நானும் உக்காந்து கேக்கறேங்க. இது மாதிரி இன்னொண்ணு போடுங்க.”

முத்திரைக்காரர் எழுந்து போய் ஒரு பீரோவைத் திறந்தார். திறந்தபடி அதன்முன் நின்றுகொண்டே இருந்தார்.