சிபாரிசுத் தாளின் நல்ல வாசகன்

அந்தத் தாள் ஒரு சாண் அகலம்கூட இருக்காது. பின்பக்கம் மஞ்சளும் கறுப்புமாய்ச் சாய்ந்த கோடுகள், நடுவில் 'கையுறை அ' என்று பாதியில் அறுபட்ட எழுத்துகள். சிப்காட் தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புச் சுவரொட்டி அச்சடித்தபோது வெட்டி ஒதுக்கிய விளிம்பு அது. ஓசூர் பாகலூர் சாலையில், பைக் உதிரிபாகக் கடையின் மாடியில் டிசைன் ஸ்டுடியோ வைத்திருந்தவர், அந்த விளிம்புகளை வீணாக்காமல் மாதம் ஒரு முறை முன்பக்கத்தில் 'வரும் மாதம் பார்க்க, கேட்க' என்று அச்சடித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்புவார். ஓய்வுபெற்ற அன்று அலுவலகத்திலிருந்து நான் எடுத்துவந்த ஒரே காகிதம் இதுதான். விதிப்படி அதுவும் தவறு.

காலண்டர், கல்யாணப் பத்திரிகை, 'எந்திரம் ஓடும்போது கை விடாதே' என்ற பலகை, இவைதாம் அவருடைய பிழைப்பு. யாரும் கேட்காமல் செய்த வேலை இந்தத் தாள். கெலமங்கலத்தில் ஒரு பள்ளி வாத்தியார் வீட்டு மாடியில் மூன்று மொழிப் பாட்டு, லேத் பட்டறைக்காரர் ஒருவர் இரும்புச் சுருளில் செய்த பறவைகள், சர்ச்சில் பாடும் பெண்களின் தனிக் கச்சேரி என்று மாதத்துக்கு நான்கைந்து சேரும். பெங்களூருக்குப் போய்தான் எதையும் பார்க்க வேண்டும் என்று நம்பிய ஊருக்கு அவர் விடாப்பிடியாக எழுதிக்கொண்டிருந்தார். அதுவும் எப்படி எழுதுவார்? கட்டடம் யாருடையது, எந்த வழியாக உள்ளே போவது, எத்தனை நாற்காலி, மைக் உண்டா, வண்டி எங்கே நிறுத்துவது, எத்தனை மணிக்கு முடியும். ஒன்றையும் விட மாட்டார்.

நான் எந்த அலுவலகத்தில் இருந்தேன் என்பதைச் சொல்லப் போவதில்லை. பொதுமக்கள் கூடும் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தரும் பிரிவில் கண்காணிப்பாளர், அது போதும். அனுமதியில்லாமல் நடப்பவற்றைக் கண்டறிந்து நோட்டீஸ் அனுப்பி, மாதாந்திர அறிக்கையில் எண்ணிக்கை காட்ட வேண்டும் என்பது எங்களுக்கு இட்ட கட்டளை. கண்டறிவதற்கு ஆளும் கிடையாது, வண்டியும் கிடையாது. பல வருடம் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்றே எழுதிவந்தோம். ஒருநாள் முடிவெட்டும் கடையில் காத்திருந்தபோது இப்படி ஒரு தாள் கைக்குக் கிடைத்தது. எங்கள் நோட்டீஸ் படிவத்தில் பதினான்கு கட்டங்கள். பதினொன்றை ஸ்டுடியோக்காரர் ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தார்.

வீட்டு முகவரி கொடுத்து, எனக்கும் மாதாமாதம் அனுப்பச் சொன்னேன்.

இதில் எனக்கு உறுத்தல் இல்லாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் நோட்டீஸ் ஒன்றுகூட நிகழ்ச்சிக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததில்லை. வரைவு, திருத்தம், தூய நகல், கையெழுத்து, தபால் பிரிவு என்று ஐந்து மேசை தாண்டி சார்வு ஆவதற்குள், அதாவது உரியவர் கையில் சேர்வதற்குள், ஒரு வாரம் ஓடிவிடும். அதற்குள் பாடியவர்கள் பாடிவிட்டுப் போயிருப்பார்கள். அறிக்கைக்கு எண்ணிக்கை கிடைத்தது, ஊருக்குக் கச்சேரி கிடைத்தது. வியாழக்கிழமை நோட்டீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை அதே நிகழ்ச்சிக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். இரும்புப் பறவைகளை இரண்டு முறை சுற்றிவந்து பார்த்தேன். உண்மையாகவே நன்றாக இருந்தன.

ஸ்டுடியோக்காரருக்கு என்னிடம் தனி மரியாதை. வீட்டில் தெலுங்கு, கீழ்க்கடையில் கன்னடம் பேசுபவர், என்னிடம் மட்டும் நிறுத்தி நிதானமாகத் தமிழ் பேசுவார். நான் அரசு ஊழியன் என்று தெரியும், எந்தப் பிரிவு என்று கேட்டதில்லை. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு ஒருமுறை சொன்னார்: "இந்தத் தாள எடுத்து முழுசா படிக்கிற ஆளு நீங்க ஒருத்தருதாங்க சார். மத்தவங்க பின்னாடி இருக்கிற கோட்டப் பாத்துட்டுக் கீழ போட்டுடுறாங்க." அது முழு உண்மை என்பதால் நான் தலையாட்டினேன்.

பிறகு வந்தது டிரம் கச்சேரி. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் மாம்பழக்கூழ் ஆலையொன்றின் ஃபிட்டர், சீசன் முடிந்து சும்மா கிடந்த காலி டிரம்களைத் தட்டிச் சுருதி சேர்த்து, கூட வேலை செய்தவர்கள் ஏழு பேரை வைத்து இரண்டு வருடம் பழக்கியிருந்தார். ஆலை ஷெட்டிலேயே முதல் கச்சேரி. ஸ்டுடியோக்காரர் தாளின் பாதியை அதற்கே ஒதுக்கியிருந்தார். நான் வழக்கம்போல வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டேன்.

அந்த வாரம் தபால் பிரிவுக்கு ஒருவர் மாறுதலில் வந்திருந்தார். போச்சம்பள்ளிக்காரர், சொந்த பைக் வைத்திருப்பவர், வேலையில் ஆர்வம் உள்ளவர். வீட்டுக்குப் போகும் வழிதானே என்று சனிக்கிழமையே ஆலைக்காரரிடம் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். முப்பத்திரண்டு வருடப் பணியில் முதன்முறையாக ஒரு நடைமுறை ஒழுங்காக நடந்துவிடும் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு மாலை நான் போனபோது ஷெட் கதவு பூட்டியிருந்தது. கம்பி வழியாக உள்ளே டிரம்கள் அரைவட்டமாக நிற்பது தெரிந்தது. வாசலில் நாற்பது ஐம்பது பேர், பழவாடைக்கு மொய்த்த ஈக்களை விரட்டியபடி நின்றார்கள். லைசென்ஸ் போய்விடும் என்று ஆலை முதலாளி சாவியோடு கிளம்பிவிட்டாராம். இனி ஷெட் பக்கம் டிரம் தட்டினால் வேலையும் இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

ஃபிட்டர் சத்தம் போடவில்லை. புதுச்சட்டையின் கையை மடித்துவிட்டபடியே ஸ்டுடியோக்காரரிடம் கேட்டார்: "ஏண்ணா, நீங்க எழுதுற எடத்துக்கெல்லாம் நோட்டீஸ் வருது. எழுதாத எடத்துக்கு வர்றதில்ல. வாத்தியார் வீட்டுக்கு வந்துச்சு, லேத்துக்காரருக்கு வந்துச்சு. நீங்களே சொல்லுங்க, நாங்க என்னன்னு நெனைக்கிறது?"

"நான் போட்டுக் குடுப்பேனா தம்பி?"

"எனக்குத் தெரியாதுண்ணா. இனிமே எங்களப் பத்தி எழுதாதீங்க."

ஸ்டுடியோக்காரர் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. நேராக என்னிடம் வந்தார். "சார், உங்களுக்கு இந்த ஆபீஸ் விவகாரமெல்லாம் தெரியும். இது யாரு போட்டதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சார். நான் இல்லன்னு இவங்களுக்குத் தெரியணும்."

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். என் கையெழுத்தை ஒரு முழு நிமிடம் படித்தேன்.

"புரியலைங்க" என்றேன். "கிறுக்கி வெச்சிருக்கான்."

அவர் நன்றி சொல்லி நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அடுத்த இரண்டு மாதம் தாள் வரவில்லை. அவரை எந்த நிகழ்ச்சிக்கும் யாரும் கூப்பிடுவதில்லை என்று முடிவெட்டும் கடையில் பேசிக்கொண்டார்கள். மூன்றாவது மாதம், நான் எடுத்துவந்த இந்தத் தாள் வந்தது. அதோடு சரி.

இப்போது அந்த ஸ்டுடியோவை அவர் மகள் நடத்துகிறாள். பட்டியல் செல்போனில் வருகிறது, வண்ணம் வண்ணமாக. எனக்கு வருவதில்லை. காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர் போன வாரம் காட்டினார். கம்பெனி டிசைனர் ஒருவரின் நாற்காலிக் கண்காட்சி, ஒரு கிதார் நிகழ்ச்சி, கடைசியில் 'டிரம் இசை'. வாசிப்பவர், வேலையை விட்டுவிட்ட பழைய ஃபிட்டர். நான் கேட்காமலே போன இசை. நாள் இருந்தது, நேரம் இருந்தது. இடம் மட்டும் இல்லை. எந்த நிகழ்ச்சிக்கும் இடம் இல்லை. போனில் பேசிப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் சொல்லப்படுமாம்.

பேசினேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள், பெயர், ஊர். "என்ன வேலைங்க சார் பாத்தீங்க?" சொன்னேன். பெயரை இன்னொரு முறை கேட்டுக்கொண்டாள். "அப்பாகிட்ட கேட்டுட்டு நானே கூப்பிடறேன் சார்." கச்சேரி நேற்று முடிந்துவிட்டது.

தாளை மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். 'வரும் மாதம் பார்க்க, கேட்க' என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: பரிந்துரைக்க ஒன்றும் இல்லை. மற்ற தாள்களெல்லாம் என் பெயருக்கு, வீட்டுக்கு வந்தவை. இது 'கண்காணிப்பாளர், அனுமதிப் பிரிவு' என்று அலுவலகத்துக்கு வந்தது. தபால் பிரிவு முறைப்படி முத்திரை குத்தி, வந்த அன்றே என் மேசைக்கு அனுப்பியிருக்கிறது. நானும் முறைப்படி 'பார்த்தேன், கோப்பில் வைக்கவும்' என்று எழுதி அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யார் படித்தாலும் புரியும்.